செருகியும் நீட்சியும்: அறிந்து பொருத்துவோம்

பால்மரத்தின் இயல்பைத் தோட்டப்புற மக்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. மரம் தன் பட்டைக்குள் பாலை வைத்திருக்கிறது. உளியால் பதமாகச் சீவினால் பால் வடிகிறது. ஆயினும், வெட்டுக்கோட்டின் கீழ் முனையில் ஒரு சிறு தகரத்தைச் செருகி, அதன்கீழ் மங்கைக் கட்டிவைத்தால்தான் அந்தப் பால் நம் வாளிக்கு வந்து சேரும். தகரம் மரத்தின் உறுப்பன்று. நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து பொருத்திய துணைப்பொருள். அளவறிந்து செருகினால் பயன் தரும். அளவுக்கு மீறி ஆழமாக அடித்தாலோ, மரத்துக்குப் புண்ணாகும்.

இணையப் பக்கங்களைக் காட்டும் கருவிக்கும் இத்தகைய துணைப்பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒருவகையைச் 'செருகி' என்றும், மற்றொரு வகையை 'நீட்சி' என்றும் தமிழில் வழங்குகின்றனர். அவை யாவை, எதற்காகத் தோன்றின, எவற்றை ஏற்கலாம், எவற்றை விலக்கவேண்டும் என்பனவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

இப்பாடத்தை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுதல் பொருந்தும்.

அண்மையில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் விளக்கக் கூட்டம் ஒன்றை முடித்துப் புறப்படும் வேளையில், பால்வெட்டுத் தொழில் புரியும் அம்மையார் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகள் ஐந்தாம் படிவ மாணவி. பாடம் தொடர்பான காணொளி ஒன்றை அவள் கணினியில் தேடியபோது, "இதைக் காண்பதற்கான செருகி உங்களிடம் இல்லை, இங்கே அழுத்தி நிறுவிக்கொள்க" என்ற அறிவிப்புத் தோன்றியதாம். அவள் அழுத்தினாள். காணொளி வரவில்லை. மறுநாள் முதல், கணினியைத் திறக்கும்போதெல்லாம் வேண்டாத விளம்பரங்கள் வரிசையாக வந்தன. மூன்றாம் நாள், "உங்கள் கணினி பழுதுற்றது; உடனே இந்த எண்ணை அழையுங்கள்" எனச் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை திரையை நிறைத்தது. தந்தையார் அழைத்தார். மறுமுனையில் கனிவாகப் பேசிய குரல், பழுதை நீக்கச் சிறுதொகை செலுத்தவேண்டும் என்று கூறி, வங்கிக் கணக்கின் விவரங்களைக் கேட்டு வாங்கியது. பின்னர், "கைப்பேசியில் ஒரு வினா தோன்றும், ஆம் என்று அழுத்துங்கள்" என்றது. அவர் அழுத்தினார். மகளின் மேற்படிப்புக்கென்று ஈராண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த 3,400 ரிங்கிட் சில நிமிடங்களில் கணக்கைவிட்டுச் சென்றது.

"பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும், ஐயா. அவள் அப்பா அன்றைக்கே கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். யாரும் தொடக்கூடாது என்கிறார். தன்னால்தான் எல்லாம் கெட்டது என்று பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறாள். தேர்வு நெருங்குகிறது. நான் என்ன செய்வேன்?" என்று அந்த அம்மையார் கேட்டார்.

அவ்வினாவுக்குரிய விடை ஓரிரு சொற்களில் அடங்குவதன்று. ஆகவேதான் இக்கட்டுரை.

1. உலாவி என்பது யாது?

இணையம் என்பது உலகெங்கும் உள்ள கணினிகளை இணைக்கும் வலையமைப்பு. அதன்வழி வரும் பக்கங்களை நம் கண்ணுக்குப் புலப்படுமாறு விரித்துக் காட்டும் மென்பொருளே உலாவி ஆகும். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி என்பன இன்று பெரிதும் பயன்படும் உலாவிகள். நம் கணினியிலோ கைப்பேசியிலோ இவற்றுள் ஒன்றேனும் இருக்கும்.

வையவிரிவு வலை என்னும் அமைப்பை 1989ஆம் ஆண்டில் திட்டமாக முன்வைத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவரே 1990ஆம் ஆண்டில் முதல் உலாவியையும் உருவாக்கினார். 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'மொசைக்' என்னும் உலாவி, எழுத்துகளுக்கு நடுவே படங்களையும் காட்டி, பொதுமக்களிடையே இணையத்தைப் பரப்பியது.

அக்கால உலாவிகள் எழுத்தையும் நிலைப்படத்தையும் மட்டுமே காட்ட வல்லவை. பாட்டு, பேச்சு, அசையும் படம் ஆகியவற்றைக் கையாளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. இக்குறையை நிறைவு செய்யத் தோன்றியதே செருகி.

2. செருகி தோன்றிய வரலாறு

1996ஆம் ஆண்டில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 என்னும் உலாவி, பிறர் உருவாக்கிய சிறு மென்பொருள்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் வாயில் ஒன்றைத் திறந்து வைத்தது. அவ்வாயில் வழியாக வந்து இணைந்த மென்பொருள்களே செருகிகள். ஆங்கிலத்தில் அவற்றைப் பிளக்-இன் என்பர்.

ஒலியைக் கேட்க ஒரு செருகி. அச்சுப்பக்கம் போன்ற ஆவணங்களைப் படிக்க அடோபி நிறுவனத்தின் அக்ரோபேட் செருகி. அசையும் படங்களுக்கு ஃபிளாஷ் செருகி. இவ்வாறு ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொன்று வந்தது. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற யூடியூப் தளமும் தொடக்கக் காலத்தில் ஃபிளாஷ் செருகியைக் கொண்டே காணொளிகளைக் காட்டியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் சில்வர்லைட் என்னும் செருகியை வெளியிட்டது. 'செருகி இல்லை, நிறுவிக்கொள்க' என்ற அறிவிப்பு அந்நாளில் உண்மையானதாகவும் தேவையானதாகவும் இருந்தது. இதனை நாம் மனத்திற் கொள்ளவேண்டும். இன்றைய ஏமாற்றுக்காரர்கள் அந்தப் பழைய அறிவிப்பின் சாயலைத்தான் எடுத்து அணிந்துகொள்கின்றனர்.

தமிழ் வாசகர்களாகிய நமக்கும் இதையொத்த அனுபவம் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில், தமிழ்ப் பக்கம் ஒன்றை இணையத்திற் படிக்க விரும்பியவர், அந்தப் பக்கத்துக்குரிய எழுத்துருவைத் தனியே இறக்கி நிறுவவேண்டியிருந்தது. ஒரு நாளிதழுக்கு ஓர் எழுத்துரு, மற்றொன்றுக்கு வேறோர் எழுத்துரு. நிறுவாவிட்டால், தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகளே தெரிந்தன. நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் கணினித் தமிழை வளர்த்தன. பின்னர் ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துமுறை பரவவே, தனித்தனி எழுத்துருக்களை நிறுவும் தேவை நீங்கிற்று. வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்த ஒன்று, நாளடைவில் கருவியினுள்ளேயே அமைந்துவிட்டது. செருகிக்கும் இதுவே நிகழ்ந்தது.

3. செருகிகள் மறைந்தது ஏன்?

இதற்கு மூன்று காரணங்கள் உள.

முதலாவது, பாதுகாப்பின்மை. செருகி என்பது உலாவிக்குள் அடங்கி நடக்கும் பணியாளன் அன்று. கணினியின் பிற மென்பொருள்களைப் போன்றே அதற்கும் பேரளவு அதிகாரம் இருந்தது. அதில் ஒரு பழுது நேர்ந்தால், தீயோர் அப்பழுதின் வழியாகக் கணினிக்குள்ளேயே புகுந்துவிட முடிந்தது. ஒவ்வொரு செருகியையும் தனித்தனியே புதுப்பித்து வரவேண்டிய கடமையும் பயனரின் தலையில் விழுந்தது. பலர் புதுப்பிக்கவில்லை.

இரண்டாவது, கைப்பேசியின் வரவு. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபோன், ஃபிளாஷ் செருகியை ஏற்கவில்லை. மின்கலத்தின் ஆற்றலை அது விரைவில் தீர்த்துவிடுகிறது, பாதுகாப்பும் குறைவு என்ற காரணங்களை ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு திறந்த மடலில் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார்.

மூன்றாவது, உலாவியே வல்லமை பெற்றது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியின் ஐந்தாம் பதிப்பாகிய எச்.டி.எம்.எல்.5, 2014ஆம் ஆண்டு அக்டோபரில் முறையான தரமாக ஏற்கப்பெற்றது. ஒலியும் காணொளியும் எவ்விதச் செருகியுமின்றி உலாவியிலேயே இயங்க அது வழிசெய்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் யூடியூப் இம்முறையைத் தன் இயல்பு முறையாக்கியது. அவ்வாண்டிலேயே குரோம் உலாவி பழைய செருகி வாயிலை முற்றாக அடைத்தது. ஃபயர்பாக்ஸ் 2017ஆம் ஆண்டில், ஃபிளாஷ் ஒன்றைத் தவிர்த்து, ஏனைய செருகிகளை விலக்கியது.

இறுதியாக, அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் முதல், அச்செருகி தானாகவே படங்களைக் காட்ட மறுக்குமாறும் செய்யப்பட்டது. சில்வர்லைட்டின் ஆதரவும் 2021ஆம் ஆண்டு அக்டோபரில் முடிவுற்றது. ஃபிளாஷ் முறையில் உருவான பழைய விளையாட்டுகளும் அசைவுப் படங்களும் அழிந்துபோகாதபடி, இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகம் 2020ஆம் ஆண்டு நவம்பர் முதல் அவற்றைச் செருகியின்றியே காட்டி வருகிறது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முதற்பாடம் யாதெனில்: இன்று ஒரு காணொளியைக் காணவோ, ஒலியைக் கேட்கவோ, ஆவணத்தைப் படிக்கவோ எந்தச் செருகியும் தேவையில்லை. எனவே, 'ஃபிளாஷ் தேவை', 'காணொளிச் செருகி இல்லை' என்று ஒரு பக்கம் கூறுமாயின், அது பல்லாண்டுகளாகக் கவனிப்பாரற்ற பழைய பக்கமாக இருக்கலாம்; அன்றேல் ஏமாற்று வலையாக இருக்கலாம். இரண்டில் எதுவாயினும் நாம் அழுத்தவேண்டிய தேவை இல்லை. பக்கத்தை மூடிவிடுதலே தக்கது.

போலிச் செருகியின் தீமை புதியதன்று. 2011ஆம் ஆண்டில் ஃபிளாஷ் நிறுவியைப் போல் வேடமிட்டு வந்த 'ஃபிளாஷ்பேக்' என்னும் தீநிரல், 2012ஆம் ஆண்டில் ஜாவா என்னும் மற்றொரு மென்பொருளின் பழுது வழியாகப் பரவி, சுமார் 600,000 மேக் கணினிகளைப் பற்றியது. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் ரஷ்யாவிலும் உக்ரேனிலும் 'பேட் ராபிட்' என்னும் மற்றொன்று, ஃபிளாஷ் புதுப்பிப்பு எனப் பொய்கூறிப் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத்தொகை கேட்டது. கற்றோர் நிறைந்த அலுவலகங்களே ஏமாந்தன என்னும்போது, ஒரு பள்ளி மாணவி ஏமாந்ததற்காக அவளைக் குற்றவாளியாக்குதல் முறையாகாது.

4. நீட்சி என்பது யாது?

செருகி மறைந்தபின் அதன் இடத்தில் இன்று நிற்பது நீட்சி. ஆங்கிலத்தில் எக்ஸ்டென்ஷன் என்பர். உலாவிக்கு ஒரு புதிய பணியைக் கற்றுக்கொடுக்கும் சிறு மென்பொருளே நீட்சி ஆகும். விளம்பரங்களை மறைத்தல், அருஞ்சொல்லுக்குப் பொருள் காட்டுதல், பக்கத்திலுள்ளதை உரக்கப் படித்துக்காட்டுதல், தமிழில் தட்டெழுத உதவுதல் முதலிய பல பணிகளுக்கு நீட்சிகள் உள்ளன. கண்பார்வை மங்கிய முதியோருக்கும், மொழிபயிலும் பிள்ளைகளுக்கும் இவற்றுட் சில பெருந்துணை புரியும்.

பழைய செருகியைவிட நீட்சி கட்டுப்பாடு மிக்கது. அது உலாவி வகுத்த எல்லைக்குள் நடக்கவேண்டும். எந்தெந்தப் பணிக்கு அனுமதி தேவை என்பதை முன்னரே அறிவிக்கவேண்டும். ஆயினும், நாம் அனுமதி கொடுத்துவிட்டால், அவ்வனுமதியின் எல்லைவரை அது சென்றுவரும். ஆகவே, நீட்சியைப் பொறுத்தமட்டில் பாதுகாப்பின் திறவுகோல் நம் கையில்தான் உள்ளது.

5. அனுமதியைப் படித்தறிதல்

வீட்டுக்கு ஒரு தச்சர் வருகிறார் என்று கொள்வோம். அடுக்களைக் கதவைச் சரிசெய்ய வந்தவருக்கு அடுக்களையைத் திறந்துவிடுவோம். அவர், "எல்லா அறைகளின் சாவியையும் அலமாரிச் சாவியையும் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுப்போமா? 'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழி இங்கும் பொருந்தும்.

நீட்சியைச் சேர்க்கும்போது உலாவி ஒரு சிறு பெட்டியில் அதன் கோரிக்கைகளை வரிசைப்படுத்திக் காட்டும். அவற்றுள் மிகுந்த கவனத்துக்குரியது, 'எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும்' என்னும் அனுமதி. இதன் பொருள் யாது? நீங்கள் வங்கிப் பக்கத்தைத் திறந்தாலும், சேமநிதிப் பக்கத்தைத் திறந்தாலும், மின்னஞ்சலைத் திறந்தாலும், அப்பக்கத்தில் உள்ளதையும் நீங்கள் தட்டுவதையும் அந்நீட்சியால் பார்க்க முடியும். பக்கத்தில் காண்பதை மாற்றவும் முடியும்.

விளம்பரம் மறைக்கும் நீட்சி எல்லாப் பக்கங்களிலும் பணியாற்றுவதால், அது இத்தகைய அனுமதியைக் கேட்பதில் காரணம் உண்டு. ஆனால், ஒரு கணக்கிடும் கருவியோ, திரையின் நிறத்தை மாற்றும் அலங்கார நீட்சியோ இதைக் கேட்டால் ஐயுறவேண்டும். கேட்கும் பணிக்கும் கேட்கப்படும் சாவிக்கும் பொருத்தம் உண்டா என்று ஆராய்வதே நாம் செய்யவேண்டிய சோதனை.

நன்னிலையில் இருந்த நீட்சியும் பிற்காலத்தில் கெடக்கூடும். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் நீட்சி 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விரும்பிப் பயன்படுத்திய ஒன்று. 2020ஆம் ஆண்டில் அதனை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். புதிய உரிமையாளரின் கையில் அதனுள் தீய நிரல் சேர்ந்ததாக அறியப்பட்டு, 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகிள் நிறுவனம் அதை விலக்கியது. ஆதலால், ஒருமுறை சேர்த்துவிட்டோம் என்று வாளாவிருத்தல் கூடாது. அவ்வப்போது பட்டியலைப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிவரவேண்டும்.

6. நீட்சியைச் சேர்க்கும் முறை

நீட்சி ஒன்று உண்மையிலேயே வேண்டும் என முடிவுசெய்தால், பின்வரும் ஒழுங்கைப் பின்பற்றுக:

முதற்படி: அப்பணியை உலாவியே செய்யுமா என்று பாருங்கள். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் கணினியில் கண்ட்ரோல் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினாலே போதும். பி.டி.எஃப். ஆவணத்தை உலாவியே திறந்துகாட்டும். அயல்மொழிப் பக்கத்தை மொழிபெயர்க்கும் வசதியும் குரோமில் உள்ளது. தேவையற்ற துணைப்பொருள் வேண்டா.

இரண்டாம்படி: நீட்சியை அந்தந்த உலாவிக்குரிய அதிகாரபூர்வக் கிடங்கில் மட்டுமே தேடுங்கள். குரோமுக்குக் குரோம் வெப் ஸ்டோர். ஃபயர்பாக்ஸுக்கு மொசில்லாவின் ஆட்-ஆன்ஸ் பக்கம். எட்ஜுக்கு மைக்ரோசாஃப்டின் ஆட்-ஆன்ஸ் பக்கம். முகவரியை நீங்களே தட்டிச் செல்லுங்கள். வழியில் எழும் அறிவிப்பை அழுத்திச் செல்லாதீர்கள்.

மூன்றாம்படி: உருவாக்கியவர் யார், எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர், இறுதியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, குறைகூறியோர் என்ன கூறுகின்றனர் என்பனவற்றைப் படியுங்கள். புகழுரையைவிடக் குறையுரையே பயன்மிக்கது. கிடங்கில் இருப்பது என்பதொன்றே தூய்மைக்குச் சான்றாகாது. தீயனவும் சிற்சில வேளைகளில் அங்கு நுழைந்துவிடுகின்றன.

நான்காம்படி: அனுமதிப் பெட்டியை நிதானமாகப் படியுங்கள். பொருத்தம் இல்லையேல் விட்டுவிடுங்கள்.

7. ஐயமுற்றால் நீக்கும் முறை

கணினியில் குரோம் உலாவியைத் திறந்தால், வலப்பக்க மேல்மூலையில் வெட்டுப்பட விளையாட்டுத் துண்டு போன்ற சிறு சின்னத்தைக் காணலாம். அதை அழுத்தி, நீட்சிகளை நிர்வகிக்கும் பகுதிக்குச் செல்க. சேர்ந்திருக்கும் நீட்சிகள் யாவும் அங்கு அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஆளியும், 'ரிமூவ்' என்னும் சொல்லும் உண்டு. ஆளியைத் திருப்பினால் நீட்சி உறங்கும். ரிமூவ் என்பதை அழுத்தினால் நீங்கும். எட்ஜ் உலாவியிலும் முறை இதனையொத்ததே. ஃபயர்பாக்ஸில் மூன்று கோடுகள் உள்ள சின்னத்தை அழுத்தினால் நீட்சிகளுக்கான பகுதி தென்படும்.

எது தீயது என்று தெளியவில்லையாயின், எல்லாவற்றையும் உறங்கவைத்து, ஒவ்வொன்றாக விழிக்கச் செய்க. எதை விழிக்கச் செய்தபோது வேண்டாத விளம்பரம் மீண்டும் தலைகாட்டுகிறதோ, அதுவே குற்றவாளி.

இதனாலும் தீராவிடில், குரோமின் அமைப்புகள் பகுதியில் 'ரீசெட் செட்டிங்ஸ்' என்பதைப் பயன்படுத்தலாம். அது நீட்சிகளை முடக்கி, உலாவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். சேமித்துவைத்த பக்கக்குறிகளும் கடவுச்சொற்களும் அழியமாட்டா. தீய நீட்சியை நீக்கியபின், வேறொரு தூய கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

8. கைப்பேசி வைத்திருப்போர் கவனத்துக்கு

தோட்டப்புறத்தில் கணினியைவிடக் கைப்பேசியே மிகுதி. ஆதலின் இப்பகுதியைக் கூர்ந்து படிக்க வேண்டுகிறோம்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியிலுள்ள குரோம் உலாவி நீட்சிகளை ஏற்பதில்லை. எனவே, கைப்பேசியில் ஒரு பக்கம், 'குரோமுக்கு இந்தச் செருகியை நிறுவுக' என்று கூறினால், அது பொய் என்று உடனே முடிவுசெய்யலாம். அவ்வாறு கூறும் பக்கம் பெரும்பாலும் ஏ.பி.கே. என்னும் கோப்பை இறக்கச் சொல்லும். அது செருகியன்று, முழுமையான ஒரு செயலி. அதை நிறுவி, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்திகளைப் படிக்கவும், திரையில் நடப்பதைக் காணவும் அது முற்படலாம். 'அறியாத மூலத்திலிருந்து நிறுவ அனுமதி' என்னும் அமைப்பை எக்காரணம் கொண்டும் திறந்துவைக்காதீர்கள்.

மற்றொரு தந்திரமும் உண்டு. 'காணொளியைக் காண அலோ என்பதை அழுத்துக' என்று சில பக்கங்கள் கூறும். அழுத்தினால் காணொளி வராது. அப்பக்கத்துக்கு நம் திரையில் அறிவிப்புகளை அனுப்பும் உரிமைதான் கிடைக்கும். பின்னர், 'கிருமி புகுந்தது', 'பரிசு விழுந்தது' என்று ஓயாது அறிவிப்புகள் வரும். இதைத் தீர்க்க, குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குச் சென்று, அந்தத் தளத்தின் உரிமையை நீக்கிவிடவேண்டும்.

திரையில் தோன்றும் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்குமாயின், அது ஏமாற்று என்பதற்கு அதுவே போதிய சான்று. உண்மையான உலாவி எச்சரிக்கை எதுவும் உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொல்வதில்லை.

9. பணம் இழந்தால் செய்யவேண்டுவன

இழப்பை உணர்ந்த அக்கணமே 997 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். இது 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பெற்ற தேசிய மோசடி எதிர்நடவடிக்கை மையத்தின் எண். வங்கியின் அவசர எண்ணையும் அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லலாம். அதன்பின் காவல் நிலையத்தில் புகார் செய்க. களவுபோன பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாற்றப்படுவதால், நாள்கணக்கில் அன்று, நிமிடக்கணக்கில் செயற்படவேண்டும்.

மேலே நாம் கூறிய குடும்பத்தார் இதைச் செய்யவில்லை. அண்டை அயலார் நகைப்பார்களே என்ற வெட்கத்தால் ஐந்து நாள்கள் கழிந்தன. ஆறாம் நாள்தான் காவல் நிலையம் சென்றனர். ஏமாற்றியவன் வெட்கப்படவில்லை, ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய்மூடினார். அவ்வைந்து நாள்கள் திருடனுக்குக் கிடைத்த கொடை.

10. பூட்டுவதா, பழகுவதா?

அம்மையாரின் வேண்டுகோளுக்கிணங்க, அடுத்த வாரம் நாம் அவருடைய இல்லத்துக்குச் சென்றோம். தந்தையார் முதலில் நம்மிடம் பேச விரும்பவில்லை. "அந்தப் பெட்டியால்தான், ஐயா, என் பிள்ளையின் படிப்புப் பணம் போயிற்று" என்றார். நாம் மறுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "காட்டில் அட்டை கடித்தது என்று எத்தனை நாள் வெட்டுக்குப் போகாமல் இருந்தீர்கள்?" என்று வினவினோம். அவர் விடை கூறாமல் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

கணினியில் மூன்று நீட்சிகள் இருந்தன. இரண்டு, பள்ளித் தோழி சொல்லி மகள் சேர்த்தவை, தீங்கற்றவை. மூன்றாவது, காணொளி இயக்கி என்று தன்னைக் கூறிக்கொண்டது; எல்லாத் தளங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்றிருந்தது. மகள் அதைச் சுட்டிக்காட்ட, ரிமூவ் என்பதைத் தந்தையாரே தம் விரலால் அழுத்தினார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவர் அச்சம் கொண்டிருந்த பொருள், ஒரு விரலின் அழுத்தத்தில் நீங்கிற்று.

இழந்த பணம் இக்கட்டுரை எழுதும் நாள்வரை திரும்பவில்லை. அதை மறைத்து மகிழ்ச்சியான முடிவு கூற நாம் விரும்பவில்லை. ஆயினும், கணினி இப்போது அலமாரியில் இல்லை. கூடத்து மேசையில் உள்ளது. அக்குடும்பத்தார் தமக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டனர். திரை எதையேனும் நிறுவச் சொன்னால், சொன்னவுடன் நிறுவுவதில்லை. பக்கத்தை மூடிவிட்டு, வீட்டில் மற்றொருவரை அழைத்துக் காட்டுவது. மகள் தந்தையைக் கேட்பாள். தந்தை மகளைக் கேட்பார். தெரிந்தவர் தெரியாதவரைப் பழிக்காத இல்லத்தில் ஏமாற்றுக்காரனுக்கு இடம் குறைவு. ஒவ்வோர் இல்லமும் இவ்விதியை மேற்கொள்ளலாம் என்பது நம் கருத்து.

நினைவில் நிறுத்துக

காணொளிக்கும் ஒலிக்கும் இன்று செருகி தேவையில்லை.
நீட்சியை அதிகாரபூர்வக் கிடங்கிலிருந்தே பெறுக.
பணிக்குப் பொருந்தாத அனுமதியைக் கொடாதீர்.
கைப்பேசியில் ஏ.பி.கே. கோப்பை நிறுவாதீர்.
மாதம் ஒருமுறை நீட்சிப் பட்டியலைப் பார்த்து, வேண்டாதவற்றை நீக்குக.
பணம் இழந்தால் உடனே 997.

பயிற்சி வினாக்கள்

1. செருகிக்கும் நீட்சிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. செருகிகள் மறைந்தமைக்குரிய மூன்று காரணங்களைக் கூறுக.
3. வானிலையைக் காட்டும் நீட்சி ஒன்று, எல்லாத் தளங்களிலும் உள்ள தரவுகளைப் படிக்க அனுமதி கேட்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? ஏன்?
4. உங்கள் வீட்டுக் கணினியைத் திறந்து, அதில் எத்தனை நீட்சிகள் உள்ளன என்று எண்ணுக. ஒவ்வொன்றையும் யார், எதற்காகச் சேர்த்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டறிக. எவரும் விடை கூற இயலாத நீட்சியை உறங்கவைத்து, ஒரு வாரம் கழித்து நீக்குக.

நான்காம் வினாவைப் பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கே அமர்ந்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.